மின்னஞ்சலில் வந்த பட்டியலை எக்செல்லில் சிதறாமல் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

உப்புவெளி விடுதிக்கு வந்த முன்பதிவு, மூதூரிலிருந்து வந்த பயனாளிகள் விபரம், கிண்ணியா மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல், பழைய மாணவர் சங்கத்தின் நன்கொடைக் கணக்கு. எல்லாம் மின்னஞ்சலில் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். கொப்பி செய்து எக்செல்லில் ஒட்டிய கணத்தில் தொலைபேசி இலக்கத்தின் முன்பூச்சியம் காணாமல் போகும், வீட்டிலக்கம் திகதியாக மாறும், ஒரு முகவரி நாலு நிரையில் சிதறிக் கிடக்கும்.

இந்த வழிகாட்டி விண்டோஸ் கணினியில் எக்செல் பாவிப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம். நிரை என்றால் கிடையாக ஓடுவது, நிரல் என்றால் மேலிருந்து கீழாக ஓடுவது, கலம் என்றால் இரண்டும் சந்திக்கும் ஒரு கட்டம். வாய்ப்பாடுகளை (ஆங்கிலத்தில் ஃபோர்முலா) ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் எக்செல் பெயர்ப் பட்டியலைக் காட்டும், அதிலிருந்து தெரிவு செய்யலாம்.

தோற்றம் கெட்டதா, பெறுமதி கெட்டதா?

ஒட்டிய பிறகு தெரியும் குழப்பங்களில் இரண்டு வகை உண்டு. எழுத்துரு மாறுவது, பின்னணி நிறம் வருவது, நிரை உயரம் வீங்குவது, மின்னஞ்சல் முகவரி நீல இணைப்பாக மாறுவது எல்லாம் தோற்றத்தோடு நிற்பவை. அவற்றை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம்.

பெறுமதி மாறுவது வேறு கதை. 0260001234 என்பதை எக்செல் ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டால் உள்ளே பதிவது 260001234 மட்டும்தான். 12/3 என்ற வீட்டிலக்கம் திகதியாகிவிட்டால் உள்ளே இருப்பது 45,000-ஐத் தாண்டிய ஒரு நாள் எண் (எக்செல் திகதியை நாட்களின் எண்ணிக்கையாகவே வைத்திருக்கும்). அதன் பிறகு கலத்தை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றினால் அந்த நாள் எண்தான் எழுத்தாக நிற்கும், 12/3 திரும்பி வராது. 15 இலக்கங்களைத் தாண்டிய கணக்கு இலக்கமோ அட்டை இலக்கமோ என்றால் 16-ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூச்சியமாகும். அதை எந்த வாய்ப்பாட்டாலும் மீட்க முடியாது, மூல மின்னஞ்சலைத்தான் திரும்பத் திறக்க வேண்டும்.

ஆகவே வேலையில் பாதி ஒட்டுவதற்கு முன்னரே முடிய வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்

1. புதிய கோப்பில் இரண்டு தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 'வந்தது', மற்றதற்கு 'துப்புரவு' என்று பெயர் கொடுங்கள். மின்னஞ்சலில் வந்தது முதல் தாளில் அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். வாய்ப்பாடுகள் எல்லாம் இரண்டாவது தாளில்.

2. 'வந்தது' தாளில் மேல் இடது மூலையைச் சொடுக்கி முழுத் தாளையும் தெரிவு செய்யுங்கள். கொன்ட்ரோல் + 1 அழுத்தி, 'நம்பர்' பகுதியில் 'டெக்ஸ்ட்' என்பதைத் தெரிவு செய்து ஓகே கொடுங்கள்.

3. மின்னஞ்சலில் தேவையான பகுதியை மட்டும் தெரிவு செய்து கொப்பி எடுங்கள். கையொப்பம், நிறுவனச் சின்னம், கீழே தொங்கும் பழைய பதில்கள் வேண்டாம்.

4. முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கிருந்து திரும்பவும் எல்லாவற்றையும் கொப்பி எடுத்து எக்செல்லில் ஏ1 கலத்தில் ஒட்டுங்கள்.

நாலாவது படியைப் பலர் தேவையில்லாத சுற்று என்று தாண்டிவிடுகிறார்கள். மின்னஞ்சலிலிருந்து நேரே கொன்ட்ரோல் + வி அழுத்தினால் எழுத்தோடு அதன் வடிவமைப்பும் சேர்ந்து வரும். அது வரும்போது இரண்டாம் படியில் நீங்கள் வைத்த 'டெக்ஸ்ட்' வகையையும் அழித்துவிடும், பூச்சியம் பழையபடி பறக்கும். நோட்பேட் வடிவமைப்பைக் கழற்றி எழுத்தையும், விசைப்பலகையின் டாப் விசை இடும் இடைவெளியையும் மட்டும் விட்டுவைக்கும்.

நோட்பேட் வேண்டாம் என்றால் எக்செல்லில் கொன்ட்ரோல் + ஆல்ட் + வி அழுத்தி, வரும் பெட்டியில் 'டெக்ஸ்ட்' அல்லது 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்பதைத் தெரிவு செய்யலாம். தமிழ் இருந்தால் எப்போதும் 'யூனிகோட் டெக்ஸ்ட்'. கூகுள் ஷீட்ஸில் 'ஃபோர்மட்', 'நம்பர்', 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று வகையை வைத்துவிட்டு கொன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. லிப்ரே ஆபிஸ் இந்த விடயத்தில் எக்செல்லைவிடக் கெட்டிக்காரன்: வடிவமைப்பில்லாத எழுத்தாக ஒட்டினால் ஒரு பெட்டி திறந்து, எந்த நிரல் எழுத்து, எந்த நிரல் திகதி, திகதியில் நாள் முன்னா மாதம் முன்னா என்று ஒட்டும் முன்பே கேட்கும்.

புதிய மைக்ரோசொஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'டேட்டா' என்று போனால் தானியங்கி மாற்றத்துக்கான தெரிவுகளைக் காணலாம். முன்பூச்சியத்தை நீக்குவதையும், நீண்ட இலக்கத்தைச் சுருக்குவதையும், இலக்கங்களுக்கு நடுவே வரும் ஆங்கில 'ஈ' எழுத்தை அடுக்காக எடுப்பதையும் அங்கே நிறுத்திவிடலாம். கடைசித் தெரிவு சின்ன விடயம் போலத் தெரியும். 2ஈ5 என்ற அறை இலக்கத்தை 200000 ஆக்குவது அதுதான். 12/3 திகதியாவதை இந்தத் தெரிவுகள் தடுக்காது.

ஒட்டும்போது #நேம்? என்ற பிழை வந்தால் காரணம் வரியின் முதல் எழுத்து. -, =, + ஆகியவற்றில் தொடங்கும் வரியை எக்செல் வாய்ப்பாடு என்று நினைக்கும். "- சம்பா 25 கிலோ" என்று கோடு போட்டு எழுதிய பட்டியல் இப்படித்தான் மாட்டும். +94-இல் தொடங்கும் தொலைபேசி இலக்கமும் கூட்டல் குறியை இழந்து வெறும் எண்ணாகும். 'டெக்ஸ்ட்' வகைக் கலத்தில் வெறும் எழுத்தாக ஒட்டினால் இரண்டும் நடக்காது.

அட்டவணையாக வந்த மின்னஞ்சல்

மின்னஞ்சலில் கோடு போட்ட அட்டவணை இருந்தால், கணினியில் திறந்து கொப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டும்போது பெரும்பாலும் கலங்களுக்கு நடுவே டாப் வந்துவிடும், எக்செல்லில் நிரல் நிரலாகச் சரியாக அமரும். இரண்டு இடத்தில் சிக்கும்.

ஒன்று, அட்டவணைக் கலத்துக்குள்ளேயே வரி மாற்றம் இருப்பது. முகவரியை ஒரே கலத்தில் மூன்று வரியாக எழுதியிருப்பார்கள். நேரே ஒட்டினால் அது மூன்று நிரையாகப் பிரிந்து, பக்கத்துக் கலங்கள் மூன்று நிரைக்கும் சேர்த்து ஒன்றாக்கப்பட்டு நிற்கும். இதற்கு வேர்டைப் பாவியுங்கள். அட்டவணையை வேர்டில் ஒட்டி, அதைத் தெரிவு செய்து, கொன்ட்ரோல் + எச் அழுத்துங்கள். தேட வேண்டிய பெட்டியில் ^ குறியும் ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தும், மாற்ற வேண்டிய பெட்டியில் | குறியும் போட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிறகு ^ குறியும் சிறிய 'பி' எழுத்துமாக அதையே மீண்டும் செய்யுங்கள். இப்போது எக்செல்லுக்குக் கொண்டுபோனால் ஒரு ஆளுக்கு ஒரு நிரை. பின்னர் | குறியைக் காற்புள்ளியாக மாற்றிக்கொள்ளலாம்.

மற்றது, ஏற்கனவே ஒட்டிவிட்டீர்கள், ஒன்றாக்கப்பட்ட கலங்கள் நிறைந்திருக்கின்றன. முழுத் தாளையும் தெரிவு செய்து 'மேர்ஜ் அண்ட் சென்டர்' பொத்தானை அழுத்திக் கழற்றுங்கள். மேல் கலத்தில் மட்டும் பெறுமதி இருந்து கீழே வெற்றாக இருக்கும். அந்த நிரலைத் தெரிவு செய்து கொன்ட்ரோல் + ஜி, 'ஸ்பெஷல்', 'ப்ளாங்ஸ்', ஓகே. இப்போது வெற்றுக் கலங்கள் மட்டும் தெரிவாகி இருக்கும். = தட்டி, மேல் அம்பு விசையை ஒருமுறை அழுத்தி, கொன்ட்ரோல் + என்டர். மேலே உள்ளது கீழே நிரம்பும். (கலங்கள் 'டெக்ஸ்ட்' வகையில் இருந்தால் வாய்ப்பாடு வேலை செய்யாது, அப்படியே எழுத்தாகத் தெரியும். இந்த நிரலை மட்டும் 'ஜெனரல்' ஆக்கிவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் கொப்பி எடுத்து 'வேல்யூஸ்' ஆக அதே இடத்தில் ஒட்டுங்கள்.)

நேரே ஒட்டியதால் கூடவே வந்த சின்னங்களும் படங்களும் தாளில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து கோப்பைப் பாரமாக்கும். கொன்ட்ரோல் + ஜி, 'ஸ்பெஷல்', 'ஒப்ஜெக்ட்ஸ்', ஓகே, டிலீட்.

எல்லாம் ஒரே நிரலில் விழுந்தால்

கைத்தொலைபேசியில் மின்னஞ்சலைத் திறந்து கொப்பி எடுத்தால் அட்டவணையின் ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு வரியாகி, ஏ நிரலில் நீளமாக இறங்கும்: பெயர், அடையாள அட்டை, கிராமம், தொலைபேசி, திரும்ப அடுத்தவரின் பெயர். ஒரு ஆளுக்கு நாலு வரி என்றால் 'துப்புரவு' தாளின் ஏ1 கலத்தில் இதைத் தட்டுங்கள்:

=இண்டெக்ஸ்(வந்தது!$ஏ:$ஏ,(ரோ(ஏ1)-1)*4+கொலம்(ஏ1))

வலப்பக்கம் நாலு கலத்துக்கு இழுத்து, பின் கீழே இழுங்கள். ஐந்து வரி என்றால் 4 இருக்கும் இடத்தில் 5, வலப்பக்கமும் ஐந்து கலம். மைக்ரோசொஃப்ட் 365-இலும் கூகுள் ஷீட்ஸிலும் 'ரப்ரோஸ்' என்ற செயற்கூறு (ஆங்கிலத்தில் ஃபங்ஷன்) இதையே ஒரே அடியில் செய்யும்; நிரை மடிப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'ரப்', 'ரோஸ்' இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை: எல்லோருக்கும் வரி எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஒருவருக்குத் தொலைபேசி இல்லையென்று அந்த வரி விடுபட்டிருந்தால் அவருக்குக் கீழே உள்ள அனைவரும் ஒரு கலம் தள்ளிப் போவார்கள். முடிவில் பெயர் நிரலில் இலக்கம் ஏதும் இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். இருந்தால் அது தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேதான் வரி விடுபட்டிருக்கிறது. 'வந்தது' தாளில் அங்கே ஒரு வெற்று நிரையைச் செருகினால் கீழே உள்ளதெல்லாம் தானாக இடத்துக்கு வரும்.

வெறும் எழுத்தாக வரும் மின்னஞ்சல்களில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய வழக்கப்படி ஒரு வரி 78 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று மென்பொருள்கள் வரியை இடையில் முறிக்கும். ஒரே வாக்கியம் இரண்டு மூன்று நிரையில் விழும். பதிவுகளுக்கு இடையில் வெற்று வரி இருந்தால் வேர்டில் மூன்று மாற்றம் போதும்: ^ குறியும் சிறிய 'பி'யும் இரண்டு தடவை அடுத்தடுத்து வருவதை @@@ ஆக்குங்கள், பிறகு அதே குறி தனியாக வருவதை ஒரு இடைவெளியாக்குங்கள், கடைசியில் @@@ என்பதைத் திரும்பவும் ^ பி குறியாக்குங்கள். ஒழுங்கை மாற்றினால் முழுக் கடிதமும் ஒரே வரியாகிவிடும். பதில் மின்னஞ்சல் என்றால் வரிக்கு முன்னால் நிற்கும் > குறிகளை இதற்கெல்லாம் முன்னரே நீக்குங்கள். இல்லாவிட்டால் வெற்று வரியிலும் ஒரு > நின்று முதல் மாற்றத்தைக் கெடுக்கும்.

ஒரே வரியில் காற்புள்ளி போட்டு வந்தவற்றுக்கு 'டேட்டா' பட்டியலில் 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' இருக்கிறது. மூன்றாவது படியில் ஒவ்வொரு நிரலையும் தொட்டு 'டெக்ஸ்ட்' என்று குறித்தால்தான் பூச்சியம் தப்பும். பலர் இரண்டாம் படியிலேயே 'ஃபினிஷ்' அழுத்திவிடுகிறார்கள். ஆனால் நம் முகவரிகளே காற்புள்ளியால் ஆனவை. "12/3, திருஞானசம்பந்தர் வீதி, திருகோணமலை" என்பது மூன்று கலமாகும். அடுத்தவர் "நிலாவெளி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு கலம், எல்லா நிரலும் கோணலாகும். அப்படியான பட்டியலைக் காற்புள்ளியால் வெட்டாதீர்கள். வரியின் கடைசியில் தொலைபேசி இலக்கம் இருந்தால் =ரைட்(ஏ2,10) என்று அதை முதலில் பிடுங்குங்கள். தொடக்கத்தில் பெயர் இருந்தால் =லெஃப்ட்(ஏ2,ஃபைண்ட்(",",ஏ2)-1). நடுவில் மிஞ்சுவது முகவரி, அது ஒரே கலத்தில் இருக்கட்டும்.

"வருகை: 10:30" போன்ற முன்பதிவுப் படிவங்களையும் முக்காற்புள்ளியால் வெட்டக் கூடாது, நேரம் இரண்டாகிவிடும். முதல் முக்காற்புள்ளியில் மட்டும் வெட்ட: =ட்ரிம்(மிட்(ஏ2,ஃபைண்ட்(":",ஏ2)+1,200)).

'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' பாவித்த பிறகு ஒரு விசித்திரம் நடக்கும். அடுத்து ஒட்டும் எதையும் எக்செல் கேட்காமலே அதே குறியில் வெட்டும். கடைசியாகக் கொடுத்த பிரிப்பானை அது மூடும்வரை நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். எக்செல்லை மூடித் திறவுங்கள், அல்லது ஏதாவது ஒரு கலத்தில் மீண்டும் அந்தப் பெட்டியைத் திறந்து 'டாப்' மட்டும் தெரிவில் வைத்து முடியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

இரண்டு கலமும் ஒரே மாதிரித் தெரிகின்றன, ஆனால் ஒரு பட்டியலில் உள்ளதை மற்றதில் தேடித் தரும் 'வீலுக்அப்' கண்டுபிடிக்கவில்லை. =லென்(ஏ2) என்று இரண்டின் நீளத்தையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் =யூனிகோட்(ரைட்(ஏ2,1)) கடைசி எழுத்தின் எண்ணைச் சொல்லும். 32 என்றால் சாதாரண இடைவெளி. 160 என்றால் உடையா இடைவெளி, மின்னஞ்சல்களிலும் இணையப் பக்கங்களிலும் மலிந்தது. 10 என்றால் வரி மாற்றம். 8203 என்றால் அகலமே இல்லாத இடைவெளி.

'ட்ரிம்' 32-ஐ மட்டுமே கத்தரிக்கும், 160-ஐத் தொடாது. 'கிளீன்' 0 முதல் 31 வரை உள்ளவற்றை நீக்கும், 160-ஐயும் 8203-ஐயும் தொடாது. அதோடு 'கிளீன்' வரி மாற்றத்தை நீக்கும்போது அந்த இடத்தில் எதையும் வைக்காது, "உவர்மலை" என்ற வரியும் "திருகோணமலை" என்ற வரியும் ஒட்டி "உவர்மலைதிருகோணமலை" ஆகும். ஆகவே முதலில் 160-ஐ இடைவெளியாக்கி, வரி மாற்றத்தைக் காற்புள்ளியாக்கி, அதன் பிறகுதான் மற்ற இரண்டும்:

=ட்ரிம்(கிளீன்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(ஏ2,சார்(160)," "),சார்(10),", ")))

8203 இருந்தால் ஏ2 இருக்கும் இடத்தில் சப்ஸ்டிடியூட்(ஏ2,யூனிசார்(8203),"") என்று போடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருகோணமலையில் பட்டியல் என்றால் மூன்று மொழியும் கலந்துதான் வரும். மறைந்த எழுத்தெல்லாம் குப்பை என்று 8205-ஐயும் சேர்த்து நீக்கிவிடாதீர்கள். சிங்களத்தில் 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளை இணைத்து நிறுத்துவதே அந்த எழுத்துதான். அதை எடுத்தால் கந்தளாய், சேருவில பக்கத்துப் பெயர்கள் பாதி உடைந்துபோகும்.

இலக்கங்கள்

தொலைபேசி இலக்கத்தில் பூச்சியம் போய்விட்டாலும் பதற வேண்டியதில்லை. இலங்கை இலக்கங்கள் முன்பூச்சியத்தோடு பத்து. 0260001234, 260001234, +94260001234 என்று எப்படி வந்திருந்தாலும் கடைசி ஒன்பதும் ஒன்றுதான். இடைவெளியையும் கோட்டையும் நீக்கிவிட்டு ="0"&ரைட்(ஏ2,9) கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். நீக்குவதற்கு கொன்ட்ரோல் + எச் வேண்டாம். 'ஜெனரல்' வகைக் கலத்தில் 026-0001234-இலிருந்து கோட்டை எடுத்தவுடன் எக்செல் அதைப் புதிதாகத் தட்டியதுபோல் வாசித்து எண்ணாக்கும், பூச்சியம் போகும். =சப்ஸ்டிடியூட்(ஏ2,"-","") எப்போதும் எழுத்தாகவே திருப்பித் தரும்.

புதிய தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம். எக்செல் அதை 1.99ஈ+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். 15-க்குள் இருப்பதால் உள்ளே எதுவும் தொலையவில்லை. நிரலின் வகையை 'நம்பர்' ஆக்கி, தசமத்தைப் பூச்சியமாக வைத்தால் முழுதாகத் தெரியும். எழுத்தாகவே வேண்டுமென்றால் =டெக்ஸ்ட்(ஏ2,"0"). ஒருவரே ஒரு பட்டியலில் பழைய இலக்கத்தோடும் இன்னொன்றில் புதியதோடும் இருப்பது அடிக்கடி நடக்கும். ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்தும் கொண்ட பழையதைப் புதிய வடிவுக்கு மாற்ற: ="19"&லெஃப்ட்(ஏ2,5)&"0"&மிட்(ஏ2,6,4). இதைச் செய்துவிட்டு ஒப்பிட்டால் இரட்டைப் பதிவுகள் வெளியே வரும்.

பணத்தொகை தனி ரகம். "ரூ.4500/=" என்று எழுதுவது நம் வழக்கம், எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. கூட்டினால் பூச்சியம் வரும், பிழை என்றும் சொல்லாது. புள்ளியை விட்டுவிட்டு 'ரூ', '/=' இரண்டையும் மட்டும் நீக்குகிறவர்கள் இன்னும் மோசமான இடத்தில் போய் விழுவார்கள். மிஞ்சும் புள்ளி தசமப் புள்ளியாகி .4500 என்பது 0.45 ஆகும், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் நாற்பத்தைந்து சதமாகும். முதலில் "ரூ." என்று புள்ளியோடு சேர்த்து நீக்குங்கள், பிறகு "/=", பிறகு "/-", பிறகு காற்புள்ளி. ஒரே வாய்ப்பாட்டில்:

=வேல்யூ(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(ஏ2,"ரூ.",""),"/=",""),"/-",""),",",""))

#வேல்யூ! என்று வரும் கலத்தில் வேறு ஏதோ எழுத்து மிச்சமிருக்கிறது. "ரூபா" என்று முழுதாக எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கே இருப்பார்கள்.

திகதிகள்

நாங்கள் நாளை முன்னே எழுதுகிறோம். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் எக்செல் மாதத்தை முன்னே எதிர்பார்க்கும். 13/07/2025-இல் 13 மாதமாக இருக்க முடியாது, எனவே எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 05/07/2025 மட்டும் சத்தமில்லாமல் மே 7 ஆகி வலப்பக்கம் நிற்கும். ஒரே நிரலில் பாதி இடமும் பாதி வலமும் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. இடப்பக்கம் நிற்பவைதான் பிழை என்று நினைத்து அவற்றை மட்டும் திருத்துவார்கள். உண்மையில் கெட்டுப்போனது வலப்பக்கத்தில் இருப்பது. விடுதி முன்பதிவு என்றால் ஜூலை 5 வரவேண்டிய ஆளை மே 7-இல் எதிர்பார்த்துக் கொண்டிருப்பீர்கள்.

அமைப்பைத் திருத்த: விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'ரீஜன்' (விண்டோஸ் 11-இல் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'), அங்கே வட்டார வடிவத்தை 'இங்கிலீஷ் (யுனைட்டட் கிங்டம்)' ஆக்குங்கள். கூகுள் ஷீட்ஸில் 'ஃபைல்', 'செட்டிங்ஸ்', 'லொக்கேல்'. இது இனி ஒட்டுவதற்குத்தான். ஏற்கனவே கலங்கிய நிரலுக்கு:

=இஃப்(இஸ்நம்பர்(ஏ2),டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மந்த்(ஏ2)),டேட்(ரைட்(ஏ2,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2)))

முதல் பகுதி புரண்ட நாளையும் மாதத்தையும் திரும்பப் புரட்டும், இரண்டாம் பகுதி எழுத்தாக நின்றதைத் திகதியாக்கும். 13/07/2025 என்ற பத்து எழுத்து வடிவத்துக்கே இது பொருந்தும்; 13/7/25 என்றிருந்தால் முதலில் பூச்சியங்களை நிரப்ப வேண்டும்.

தமிழில் எழுதிய மாதங்களை ஆங்கில அமைப்பில் இருக்கும் எக்செல் அறியாது. ஒரே பட்டியலில் ஜூலை, யூலை, ஆடி மூன்றும் இருக்கும். ஓகஸ்ட், ஆகஸ்ட், ஆவணி என்று அடுத்ததும் அப்படியே. "12 யூலை 2025" என்றால் " யூலை " என்பதை இரு பக்க இடைவெளியோடு "/07/" ஆக மாற்றுங்கள். ஆடி, ஆவணி என்று எழுதியவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் ஜூலைக்கே ஆடி என்று எழுதும் வழக்கம் உண்டு, கோயில் காரியம் என்றால் பஞ்சாங்க ஆடியாகவும் இருக்கலாம்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

ஒட்டியதும் தமிழ் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக மாறினால் அனுப்பியவர் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டிருந்தது. எழுத்துருவைப் பாமினியாக்கினால் வாசிக்க முடியும், ஆனால் அப்படியே விட வேண்டாம். யூனிகோட் மாற்றி ஒன்றில் கொடுத்து மாற்றிவிட்டே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். பாமினியில் காற்புள்ளி இருக்கும் இடம் 'இ', அரைப்புள்ளி இருக்கும் இடம் மெய்யெழுத்தின் புள்ளி. மாற்றும் முன் காற்புள்ளியால் வெட்டினால் 'இ'யில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் தலை இழக்கும். முதல் எழுத்தைப் பெரிதாக்கும் 'ப்ரொப்பர்' செயற்கூறும் ஆகாது: பாமினியில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள்.

யூனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியோடு தட்டலாம். ஒற்றைக் கொம்பு, க, ள என்று ஒப்பேற்றி 'கெளரி' என்றும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டுக்கும் 'லென்' தரும் விடை 4, 5. ஸ்ரீயும் அப்படித்தான்: 'ஸ'வில் தொடங்குவதும் 'ஶ'வில் தொடங்குவதும் உண்டு. பெயரை வைத்து இரண்டு பட்டியலைப் பொருத்தப் போகிறீர்கள் என்றால் முதலில் இவற்றை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் பெயரை நம்பவே வேண்டாம், அடையாள அட்டை இலக்கத்தால் பொருத்துங்கள்.

சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தபோது தமிழ் கேள்விக்குறியாகிப் போனால் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டீர்கள், அந்தக் கோப்பில் தமிழ் இனி இல்லை. மூல எக்செல்லைத் திறந்து 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமியுங்கள். கேள்விக்குறி இல்லாமல் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது, திறந்த விதம்தான் பிழை: 'டேட்டா', 'ஃப்ரொம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியே திறந்து, கோப்பு மூலத்தில் 65001 யூனிகோட் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

கையளிக்கும் முன்

மின்னஞ்சலில் எத்தனை பேர் என்று எண்ணி, தாளில் உள்ள நிரைகளோடு ஒப்பிடுங்கள். தொகை நிரலைத் தெரிவு செய்து திரையின் அடியில் பாருங்கள்: 'கவுண்ட்' மட்டும் காட்டி 'சம்' காட்டாவிட்டால் எல்லாம் இன்னும் எழுத்தாகவே இருக்கின்றன. இரண்டும் காட்டினால் மட்டும் போதாது, சில எழுத்தாகத் தங்கியிருக்கலாம்; =கவுண்ட் தரும் விடையும் =கவுண்ட்ஏ தரும் விடையும் சமமா என்று பாருங்கள். தொலைபேசி நிரலில் =லென் எல்லா நிரைக்கும் 10, அடையாள அட்டை நிரலில் 10 அல்லது 12. திகதி நிரலை ஏறுவரிசைப்படுத்தி முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் பார்த்தால் 1925-உம் 2052-உம் எங்காவது ஒளிந்திருந்தால் தலை காட்டும்.

எல்லாம் சரியென்றால் 'துப்புரவு' தாளை முழுதாகக் கொப்பி எடுத்து புதிய தாளில் 'வேல்யூஸ்' ஆக ஒட்டி அதை அனுப்புங்கள். வாய்ப்பாட்டோடு அனுப்பி 'வந்தது' தாளை அழித்துவிட்டால், பெறுகிறவர் காண்பதெல்லாம் #ரெஃப்! மட்டும்தான்.